ஆத்மகுப்தா முதல் எல்-டோப்பா வரை: பூனைக்காலியின் மருத்துவ வரலாறும் பயிர் வரலாறும்

முன்னுரை

மருந்துச் செடிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். பிற்காலத்தில் கண்டறியப்பட்ட உண்மையொன்றை முற்கால நூல்கள் முன்னரே கூறிவிட்டன என்னும் கூற்று எளிதில் பரவிவிடுகின்றது. அதன்பின் அந்நூல்கள் உண்மையில் யாது கூறின என்பதைப் பார்ப்பவர் குறைந்துவிடுகின்றனர். அவரை இனத்தைச் சேர்ந்த பூனைக்காலி இதற்குத் தக்க சான்றாகும். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு ஆயுர்வேதம் பன்னெடுங்காலமாக இச்செடியின் விதையையே மருந்தாக வழங்கிவந்தது என்பது இன்று மருத்துவக் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் ஒருசேரக் காணப்படும் கூற்று. இக்கூற்றில் எவ்வளவு நூற்சான்று உடையது, எவ்வளவு பின்னர் சேர்ந்தது என்பதைப் பெயர்கள், மருத்துவ நூல்கள், வேதியியல் வரலாறு, பயிர்முறை என்னும் நான்கு நிலைகளில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்கள் தரும் சான்று

பூனைக்காலி மழைக்காலத்தில் முளைத்துப் பிற செடிகளின்மீது சுற்றிப் படரும் கொடி. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் கொத்தாகத் தொங்கும். காய் சற்றே வளைந்து, பழுப்பு நிற மென்மயிரால் மூடப்பட்டிருக்கும். அம்மயிர் தோலிற் பட்டால் தாங்கொணா அரிப்பு உண்டாகும். இவ்வொரு பண்பே இந்திய மொழிகள் பலவற்றில் இச்செடிக்குப் பெயர் தந்துள்ளது.

அமரகோசம் இச்செடிக்குத் தரும் பெயர்களைத் தனித்தனியே நோக்கின் அவை ஒரு சிறு தாவர விளக்கமாகவே அமைதல் காணலாம். ஆத்மகுப்தா என்பது தன்னைத் தானே காத்துக்கொள்வது எனப் பொருள்படும். ஸ்வயங்குப்தா என மருத்துவ நூல்களில் வருவதும் இப்பொருளதே. கண்டூரா என்பது அரிப்பைத் தருவது. கபிகச்சு என்பது குரங்குக்கு அரிப்பு உண்டாக்குவது. மர்கடீ என்பதும் குரங்கையே சுட்டும். சூகசிம்பி என்னும் பெயரில் சூகம் என்பது முள்மயிரையும் சிம்பி என்பது அவரைக்காய் போன்ற நெற்றையும் குறிக்கும். எனவே இச்செடி நெற்றுடைய பயறினத்தது என்பதைப் பெயரிட்டோர் அறிந்திருந்தனர் எனத் துணியலாம். பிராவிருஷாயணீ என்னும் பெயர் மழைப்பருவத்தோடு தொடர்புடையது. இது முளைக்கும் பருவம் பற்றிய செய்தியைத் தன்னுள் அடக்கியது.

வடமொழிப் பெயர்கள் பெரிதும் செடியின் செயலை நோக்க, தமிழ்ப் பெயர் அதன் வடிவை நோக்குகின்றது. மென்மயிர் போர்த்த காய் பூனையின் காலை ஒத்திருத்தலின் பூனைக்காலி எனப்பட்டது. தெலுங்கில் வழங்கும் பில்லியடுகு என்னும் பெயரும் பூனையின் அடியையே குறிப்பதாகும். மலையாளத்தில் நாய்க்குரண என நாய் இடம்பெறுகின்றது. இந்தியில் வழங்கும் கேவாஞ்ச், கௌஞ்ச் ஆகியவை கபிகச்சு என்பதன் திரிபுகள். இவ்விந்திச் சொல்லே ஆங்கிலத்தில் கவ்ஹேஜ் என்றாகி, பின்னர் மக்கள் வழக்கில் மாட்டையும் அரிப்பையும் இணைத்துக் கவ்-இட்ச் எனவும் வழங்கலாயிற்று. குரங்கில் தொடங்கிய சொல் மாட்டில் முடிந்தமை சொல்வரலாற்றில் சுவையானதொரு செய்தி.

பெயர்ச்சான்று எல்லையற்றதன்று என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். ரிஷ்யப்ரோக்தா என்னும் பெயரை அமரகோசம் பூனைக்காலிக்கும் தருகின்றது. தண்ணீர்விட்டான் எனப்படும் சதாவரிக்கும் தருகின்றது. ஆதலின் ஒரு மருந்துப்பட்டியலில் இப்பெயரைக் கண்டவுடன் அது பூனைக்காலியே என முடிவுசெய்தல் பொருந்தாது. உரையாசிரியர்களின் கருத்தையும் உடன்கூறப்படும் செடிகளையும் நோக்கியே பொருள்கொள்ள வேண்டும்.

உணவாகவும் மருந்தாகவும்

சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில் உணவுப்பொருள்களை வகைப்படுத்தும் இயலில் பயறு வகைகள் தனிப் பிரிவாகக் கூறப்படுகின்றன. அப்பிரிவில் ஆத்மகுப்தாவின் விதை உளுந்தின் குணங்களை ஒத்தது எனக் கூறப்படுகின்றது. அதனோடு காகாண்டம் என்னும் வேறொரு பயறும் சேர்த்துரைக்கப்படுகின்றது. சுஸ்ருத சங்கிதையின் உணவியலிலும் இவ்விரண்டும் உளுந்துக்கு ஒப்பாகவே கூறப்படுகின்றன. எனவே இவ்விரு நூல்களிலும் பூனைக்காலி உணவுப்பயறுகளுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டது என்பது தெளிவு. காகாண்டம் என்பதை அரிப்பில்லாத அல்லது அரிப்புக் குறைந்த பயிர்வகையாகக் கொள்வாரும் உளர். அது சரியாயின், காட்டுவகை, வீட்டுவகை என்னும் பாகுபாடு மிகத் தொன்மையானதாகும்.

மருந்தாக இவ்விதை பெரிதும் இடம்பெறும் இடம் வாஜீகரணம் எனப்படும் ஆண்மை பெருக்கும் மருத்துவப் பகுதியாகும். சரக சங்கிதையின் சிகிச்சைத்தானத்தில் அப்பகுதியிற் கூறப்படும் நெய்யொன்றில் உளுந்தும் ஆத்மகுப்தா விதையும் ஆடகம் என்னும் அளவிற் சேர்க்கப்படுகின்றன. சுஸ்ருத சங்கிதையில் ஸ்வயங்குப்தா விதையையும் நீர்முள்ளி விதையையும் பொடித்துச் சர்க்கரை கூட்டி, கறந்த சூடு மாறாத பாலுடன் பருகுமாறு கூறப்படுகின்றது. உளுந்து, பால், நெய், சர்க்கரை என உடன் வரும் பொருள்கள் யாவும் உடலை வளர்ப்பனவாதலின், உரமூட்டும் உணவு என்னும் கருத்தே இங்கு அடிப்படையாகும். உளுந்தை ஒத்தது என்னும் உணவியற் கூற்றும் இம்மருத்துவப் பயனும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிச்ரரின் பாவப்பிரகாசத்தில் வானரீ குடிகை என்னும் மருந்து கூறப்படுகின்றது. வானரீ என்பதும் குரங்கைச் சுட்டும் பூனைக்காலியின் பெயரே. விதைகளைப் பசும்பாலில் வேகவைத்து, தோலை நீக்கி, விழுதாக அரைத்து, உருண்டைகளாக்கி நெய்யிற் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவைப்பது அதன் செய்முறை. வேகவைத்தலும் தோல் நீக்குதலும் மருந்தின் முதற்படியாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிக்காரர்கள் இவ்வின விதைகளைப் பலமுறை வேகவைத்து நீரை வடித்துவிட்டே உண்ணும் வழக்கம் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வைத்தியரின் நூலறிவும் மலைவாழ் மக்களின் பட்டறிவும் இவ்விதையைப் பக்குவம் செய்யாது உட்கொள்ளலாகாது என்னும் ஒரே முடிவையே எட்டியுள்ளன.

இம்முன்னெச்சரிக்கையின் இன்றியமையாமையை 1990ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த குறிப்பொன்று புலப்படுத்துகின்றது. மொசாம்பிக் நாட்டில் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இவ்விதையை உண்ட மக்களிடையே மனக்குழப்ப நோய் பரவலாகத் தோன்றியமையை அது கூறுகின்றது. விதையை உரிய முறையில் வேகவைத்து நீரை வடிக்காமையே காரணமாகக் கருதப்பட்டது.

நடுக்கமும் விதையும்: நூல்கள் கூறுவது யாது?

இனி நம் முதன்மை வினாவுக்கு வருவோம். நடுக்கம் ஒரு நோயாக ஆயுர்வேத நூல்களில் அறியப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. சரக சங்கிதை எண்ணும் 80 வாத நோய்களுள் வேபது எனப்படும் நடுக்கமும் ஒன்று. நோய்க்குறிகளைத் தொகுத்துரைக்கும் மாதவ நிதானம் கைகால்களுடன் தலையும் நடுங்கும் நோயை வேபது என விளக்குகின்றது. எனினும் சரகர் நடுக்கத்தை எண்ணும் இடத்தில் பூனைக்காலி கூறப்படவில்லை. மாதவ நிதானமோ நோயறிதலுக்கே உரிய நூலாதலின் மருந்து கூறுவதன்று. நோயின் விளக்கம் ஓரிடத்திலும் விதையின் சிறப்பு வேறோரிடத்திலும் நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது பிற்கால வாசிப்பேயாகும்.

அவ்வாறாயின் இவ்விதைக்கும் நரம்பு சார்ந்த வாத நோய்களுக்கும் தொடர்பே இல்லையோ எனின், அதுவும் அன்று. 11ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணிதத்தரின் சக்ரதத்தம் என்னும் நூலில் உளுந்து, சிற்றாமுட்டி இனத்தைச் சேர்ந்த பலா, சூகசிம்பி, அமுக்கரா, ஆமணக்கு முதலியவற்றைக் கொண்ட கசாயம் ஒன்று வாதநோய்ப் பகுதியிற் கூறப்படுகின்றது. அது பக்கவாதம், முகவாதம், கழுத்துப் பிடிப்பு ஆகியவற்றுக்கு உரியது. பெருங்காயமும் இந்துப்பும் கூட்டி அதனைப் பருகவேண்டும். பூனைக்காலி ஆண்மைப் பெருக்கத்திற்கு மட்டுமன்றி உறுப்புச் செயலிழப்பிற்கும் கூட்டுமருந்தின் ஓருறுப்பாகப் பயன்பட்டமைக்கு இது தெளிவான சான்று. ஆனால் இங்கும் குறிக்கப்படுவது நடுக்கமன்று. விதை தனித்து நின்று நோய் தீர்ப்பதுமன்று.

ஆகவே நூற்சான்று காட்டும் உண்மை இது: உரமூட்டும் பயறாகவும், வாதத்தைத் தணிக்கும் கூட்டுமருந்துகளின் உறுப்பாகவும் பூனைக்காலி அறியப்பட்டிருந்தது. நடுக்குவாதத்திற்குரிய தனிமருந்து என்னும் தகுதி அதற்குப் பின்னரே வாய்த்தது.

ஐரோப்பியர் பதிவுகள்

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலின் 8ஆம் தொகுதியில் இச்செடி நாய்க்குரண என்னும் மலையாளப் பெயராலேயே படத்துடன் இடம்பெற்றுள்ளது. இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியர்களின் அறிவு அந்நூலுக்கு அடிப்படையாயிற்று. கே. எஸ். மணிலால் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

1825இல் தெ கந்தோல் இச்செடிக்கு முகூனா ப்ரூரியன்ஸ் என்னும் பெயரை நிலைநிறுத்தினார். முகூனா என்பது பிரேசில் நாட்டுத் தூப்பி மொழிச்சொல். ப்ரூரியன்ஸ் என்னும் இலத்தீன் சொல் அரிப்பைத் தருவது எனப் பொருள்படும். கண்டூரா என்னும் வடமொழிப் பெயரும் இதுவும் பொருளால் ஒன்றே.

ஐரோப்பிய மருத்துவம் இச்செடியில் விரும்பியது விதையை அன்று, காயின் மயிரையே. அம்மயிரைப் பாகிற் குழைத்துக் குடற்புழுக்களை அகற்றக் கொடுக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் வழக்கத்தை வில்லியம் சேம்பர்லேன் 1784இல் இலண்டனில் வெளியிட்ட நூல் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகா இச்செடியின் தமிழ்ப் பெயரைப் பதிவுசெய்துள்ளது. ஒரே செடியின் விதையை ஆயுர்வேதமும் மயிரை ஐரோப்பிய மருத்துவமும் தேர்ந்தமை, மருந்து என்பது செடியில் மட்டுமன்றி அதனை நோக்குவோரின் மருத்துவக் கொள்கையிலும் உள்ளது என்பதை உணர்த்துகின்றது.

சென்னை ஆய்வகத்தில் 1937

1913இல் மார்க்குஸ் குக்கன்ஹைம் என்னும் வேதியியலார் வேறோர் அவரையினமான பாக்லா மொச்சையிலிருந்து எல்-டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதில் 2.5 கிராம் தாமே உட்கொண்டு கடும் வாந்திக்கு ஆளானார். அக்காலத்தில் அதற்கு மருத்துவப் பயன் ஏதும் அறியப்படவில்லை.

1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்தனர். அவர்தம் கட்டுரை பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. பின்னாளில் உலக நரம்பு மருத்துவத்தை மாற்றியமைத்த ஒரு பொருள் இவ்விதையில் உண்டு என்பது சேப்பாக்கத்தில் நிறுவப்பட்டமை தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தியாகும். நடுக்குவாதத்தோடு அதனைத் தொடர்புபடுத்த அப்போது எவர்க்கும் காரணம் இருக்கவில்லை.

அத்தொடர்பு மூன்று படிகளில் உருவாயிற்று. 1957இல் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரெசர்ப்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை டோப்பா கொடுத்து மீண்டும் இயங்கச் செய்தார். ரெசர்ப்பின் என்பது சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து பெறப்பட்டது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1960இல் ஏரிங்கர், ஹோர்னிகீவிட்சு ஆகியோர் நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோப்பமின் குறைந்திருத்தலைக் கண்டனர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் மிகுந்த அளவில் டோப்பாவை வாய்வழிக் கொடுத்து நோயாளரிடம் பெருமாற்றத்தைக் கண்டார். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நோய்க்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து மருந்து கிடைத்தது. கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார்.

பூனைக்காலியை நடுக்குவாதத்திற்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு 1978இல் நியூராலஜி இந்தியா இதழில் வெளிவந்தது. அது கோட்சியாசின் கண்டுபிடிப்புக்குப் பின்னரே நிகழ்ந்தது என்னும் கால வரிசை முதன்மையானது. 2000இல் வெளிவந்த ஆய்வொன்றில் 18 நோயாளருக்குப் பூனைக்காலி, அமுக்கரா, பலா முதலியவை சேர்ந்த ஆயுர்வேத மருந்து பாலுடன் கொடுக்கப்பட்டது. அதன் ஒருவேளை அளவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் எல்-டோப்பா இருந்தது. உடல்சுத்தி முறையை முன்னர் மேற்கொண்டோரே மிகுந்த பயன் பெற்றனர் என அவ்வாய்வு கூறுகின்றது. 2017இல் பொலிவியாவில் 18 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் வறுத்துப் பொடித்த விதை வழக்கமான மாத்திரைக்கு ஈடாகச் செயற்பட்டது. எனினும் 2018இல் வெளியான 16 வார ஆய்வில் பங்குபெற்ற 14 பேருள் பாதிப்பேர் வயிற்று உபாதை முதலிய காரணங்களால் இடையில் விலகினர். மாத்திரை வாங்க இயலாத ஏழை நாட்டு நோயாளருக்கு இவ்விதை நம்பிக்கை தருவதெனினும், மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்ளத்தக்கதன்று என்பதையே இவை ஒருங்கே காட்டுகின்றன.

பயிர்முறை: காப்பை இழந்த கொடி

பூனைக்காலியின் பயிர் வரலாறு அரிப்பிலிருந்து விடுபடும் வரலாறு எனலாம். அரிப்புக்குக் காரணம் மயிரின் கூர்மை மட்டுமன்று. அதில் முகுனைன் என்னும் புரதச்சிதைப்பு நொதி உண்டென்பது 1950களில் அறியப்பட்டது. அது தோலின் நரம்பு முனைகளை எவ்வாறு தூண்டுகின்றது என்பது 2008இல் விளக்கம் பெற்றது.

மயிர் மெலிந்த, அரிப்பற்ற பயிர்வகையைத் தாவரவியலார் யூட்டிலிஸ் என்னும் உள்வகையாகக் கொள்வர். இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடாவில் வெல்வெட் பீன் என்னும் பெயரால் பரவி, தென்மாநிலங்களில் கால்நடைத் தீவனமாகவும் மண்வளம் பெருக்கும் பசுந்தாளாகவும் பயன்பட்டது. பின்னர் சோயா மொச்சை அதன் இடத்தைக் கைக்கொண்டது. காற்றின் நைட்ரசனை மண்ணிற் சேர்க்கும் பயறினப் பண்பே இதற்கு அடிப்படை.

இந்தியாவில் மருந்துக்கான விதை நெடுங்காலம் காட்டோரங்களிலும் வேலிகளிலும் படர்ந்த கொடிகளிலிருந்தே திரட்டப்பட்டது. எல்-டோப்பாவின் தேவை பெருகியபின் அது வயற்பயிராயிற்று. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா தன்வந்தரி, அர்கா அஸ்வினி என்னும் அரிப்பற்ற வகைகளை உருவாக்கியது. தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் விதைத்து, கொம்போ பந்தலோ அமைத்துப் படரவிட்டு, குளிர்காலத்தில் நெற்று முற்றிக் காய்ந்தபின் அறுவடை செய்வது பொது வழக்கம். பிராவிருஷாயணீ என்னும் பழம்பெயர் சுட்டிய பருவத்திலேயே இன்றும் விதைப்பு நிகழ்கின்றது. பற்றுக்கோடின்றித் தரையிற் படர்ந்த கொடியில் நெற்றுகள் ஈரம் பட்டு அழுகுமாதலின், பந்தற்செலவு உழவர்க்குப் பெருஞ்சுமையாகின்றது.

இம்மாற்றத்தால் எழும் வினாவொன்று உண்டு. நூல்கள் கூறிய ஆத்மகுப்தா தன்னைத் தான் காக்கும் மயிருடைய கொடி. இன்று வயலில் விளைவது அக்காப்பை இழந்தது. நாட்டுமருந்துக் கடைகளில் கருப்பு விதை, வெள்ளை விதை என இருவகையும் விற்கப்படுகின்றன. எல்-டோப்பாவின் அளவு வகைதோறும் விளைநிலந்தோறும் வேறுபடுவதாதலின், ஒரு பிடி விதையும் மற்றொரு பிடி விதையும் ஒரே மருந்தாகா. காகாண்டத்தையும் ஆத்மகுப்தாவையும் குணத்தால் ஒப்புமைப்படுத்திய சரகர் பெயரால் அவற்றைப் பிரித்தே வைத்தார் என்பதை இங்கு மீண்டும் நினைத்தல் தகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிபுகள் வருமாறு. பூனைக்காலியின் பெயர்கள் அதன் வடிவம், பருவம், இனம், செயல் ஆகியவற்றை நுட்பமாகப் பதிவுசெய்துள்ளன. ஆயுர்வேத நூல்கள் அதனை உளுந்தையொத்த பயறாகவும், உரமூட்டும் மருந்தாகவும், 11ஆம் நூற்றாண்டளவில் வாதநோய்க் கசாயத்தின் உறுப்பாகவும் கொண்டன. நடுக்குவாதத்தோடு அதனை இணைத்தது 1913 முதல் 1967 வரை நடைபெற்ற வேதியியல், நரம்பியல் ஆய்வுகளே. அவ்வரிசையில் 1937ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வுக்கு உரிய இடம் உண்டு.

இவ்வாறு கூறுவது ஆயுர்வேதத்தின் பெருமையைக் குறைப்பதாகாது. தாம் அறியாத ஒன்றை அறிந்திருந்தனர் என முன்னோர்மேல் ஏற்றுவோமாயின், அவர்கள் உண்மையில் அறிந்திருந்தவை மறைந்துபோகும். இவ்விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பக்குவம் செய்யாத விதையை உண்டால் விளையும் தீங்கை மொசாம்பிக் நிகழ்வு நமக்குக் காட்டியது. பழைய நூல்களை இக்கால விளம்பரங்களுக்குச் சான்றாக்காது, அவை கூறியவாறே படித்து விளக்குவது மொழித்துறை ஆய்வாளரின் கடமை. மருத்துவ வரலாற்றில் அக்கடமை ஒரு நோயாளியின் நலனையும் தொடுகின்றது என்பதைப் பூனைக்காலியின் வரலாறு உணர்த்துகின்றது.